சந்தைக்கு வழி கேட்ட தோழரும் நம் பிள்ளைகளும்

(மேற்படிப்பிற்காக வெளிநாடு செல்லும் மாணவர்களுக்கு நம் ஜமாஅத் நடத்திய வழியனுப்பு நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)



 

வெளிநாட்டுப் பயணம் நம் ஆம்பூருக்குப் புதிதன்று. பதனிட்ட தோலுக்கும் காலணிக்கும் சந்தை தேடி நம் வணிகப் பெருமக்கள் ஐரோப்பிய நாடுகளுக்குப் பல்லாண்டுகளாகச் சென்று வருகின்றனர். ஆனால் அவர்கள் திரும்பும் தேதியைக் குறித்துக்கொண்டே புறப்பட்டார்கள். போய் இறங்கிய இடத்தில் முகவர் காத்திருந்தார். இன்று நம் பிள்ளைகள் முதுநிலைப் படிப்பிற்காகச் செல்கிறார்கள். தோல் தொழில்நுட்பம் கற்க நார்த்தாம்ப்டன் செல்வோரும் உண்டு; வணிக மேலாண்மையோ கணினியோ கற்க லண்டன் செல்வோரும் உண்டு. அப்பெருநகரில், இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்காகக் காத்திருப்பவர் யார்? இதுவே இன்று நாம் சிந்திக்க வேண்டிய வினா.

மக்காவைத் துறந்து மதீனா வந்த முஹாஜிர்களுக்கும் அவ்வூர் அன்சாரிகளுக்கும் இடையே பெருமானார் (ஸல்) அவர்கள் சகோதரத்துவ உறவை ஏற்படுத்தினார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக அமைந்தவர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள். தம் செல்வத்தில் பாதியைத் தர ஸஅத் முன்வந்தார்கள். வந்தவரோ அவருக்காக துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி காட்டுமாறு கேட்டார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தம் வாழ்வைத் தொடங்கினார்கள்.

இந்நிகழ்ச்சியைச் சொல்லும்பொழுது, பாதிச் செல்வத்தை ஏற்காத தன்மானத்தையே நாம் புகழ்கிறோம். இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் வாய் திறந்து வழி கேட்டார். தமக்கு அந்த ஊர் தெரியாது என்பதை மறைக்கவில்லை. கேட்பதற்குத் தகுந்த ஒருவரும் அங்கே இருந்தார். இவ்விரண்டும் சேர்ந்தால்தான் அந்நிய ஊர் சொந்த ஊராகும்.

தம்பிகளே! முதலில் பணத்தைப் பற்றிப் பேசுவோம். லண்டனில் படிக்க விசா கேட்பவர், கல்விக் கட்டணம் போக, வாழ்க்கைச் செலவிற்கெனக் காட்ட வேண்டிய தொகை 2025 நவம்பரில் மாதத்திற்கு 1,529 பவுண்டாக உயர்த்தப்பட்டது. ஒன்பது மாதங்களுக்கு 13,761 பவுண்டு. அது தொடர்ந்து 28 நாட்கள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். சில குடும்பங்கள் என்ன செய்கின்றன? அந்த 28 நாட்களுக்கு மட்டும் கைமாற்றாகவோ, அல்லாஹ் காப்பாற்ற வேண்டும், வட்டிக்கோ பணம் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டிவிட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. காகிதத்தில் பணம் இருக்கிறது. பிள்ளையின் சட்டைப் பையில் இல்லை. பட்டப்படிப்பும் அதற்கு மேலும் கற்கும் மாணவர் பாடக்காலத்தில் வாரத்திற்கு 20 மணி நேரத்திற்கு மேல் வேலை செய்யச் சட்டம் இடம் தருவதில்லை. அந்த வருமானத்தில் வாடகையும் கடனும் ஒருசேரத் தீராது. பிறகு பிள்ளை சட்டத்தை மீறுவான். அல்லது பட்டினி கிடப்பான். இங்கே சொன்ன பொய்யின் விலையை அங்கே அவன் கொடுக்கிறான்.

அடுத்து, போய்ச் சேர்ந்ததும் செய்ய வேண்டியவை. வீட்டைப் பார்க்காமல், தெரிந்தவர் எவரையும் அனுப்பிப் பார்க்கச் சொல்லாமல், முன்பணம் அனுப்பாதீர்கள். விசாவுடன் ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் மருத்துவக் கட்டணம் செலுத்தியே செல்கிறீர்கள். ஆகவே முதல் வாரத்திலேயே குடியிருக்கும் பகுதியின் மருத்துவரிடம் பெயரைப் பதிவு செய்யுங்கள். நோய் வந்த பின் முகவரி தேடாதீர்கள். பாடம் விளங்கவில்லை எனில் பேராசிரியரிடம் கேளுங்கள். அங்கே கேள்வி கேட்பது மரியாதைக் குறைவன்று. டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் சில மணி நேரத்திற்குள் அடுத்தடுத்து வரும். அந்த நீண்ட இருளில் மனமும் இருளக்கூடும். அறையில் தனித்திருக்காதீர்கள்.

பள்ளிவாசலைத் தேடிச் செல்லுங்கள். கிழக்கு லண்டன் பள்ளிவாசலின் வரலாறே உங்களுக்கு ஆறுதல் தரும். 1910இல் லண்டனில் ஒரு பள்ளிவாசல் கட்ட நிதி தொடங்கப்பட்டது. சொந்த இடமில்லாத முப்பது ஆண்டுகள் வாடகை அறைகளில் ஜும்ஆ நடந்தது. 1941இல் கமர்ஷியல் சாலையில் மூன்று வீடுகள் பள்ளிவாசலாயின. ஒயிட்சாப்பல் சாலையில் இன்றுள்ள கட்டடம் 1985இல் எழுந்தது. வாடகை அறையில் தொடங்கியவர்கள் நீங்கள் மட்டுமல்லர். ஓய்வு நாளில் பெர்மாண்ட்ஸி பகுதிக்கும் நடந்து பாருங்கள். ஒரு காலத்தில் லண்டனின் தோல் பதனிடும் பகுதி அது. தோல் பதனிடுவோர் தெரு, தோல் சந்தைத் தெரு என்னும் பொருள்படும் பெயர்ப் பலகைகள் இன்றும் அங்கே உள்ளன. ஆம்பூர்ப் பிள்ளைக்கு அந்த ஊர் முற்றிலும் அந்நியமன்று.

பெரியோர்களே! இனி என் குறையைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் லண்டனிலிருந்து இரவில் தொலைபேசியில் அழைத்தார். "ஹஜ்ரத், நல்லா இருக்கீங்களா?" என்றார். நான் எடுத்த எடுப்பில், "ஜும்ஆ தவறாமல் போகிறீர்களா?" என்று கேட்டேன். "போகிறேன் ஹஜ்ரத்" என்றார். துஆச் செய்து வைத்துவிட்டேன். அந்த வாரம் முழுவதும் அவர் ஒரு வேளை உணவுடன் இருந்தார் என்பதும், வாடகை பாக்கிக்காக அறையைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள் என்பதும் மாதங்கள் கழித்தே எனக்குத் தெரிந்தன. ஏன் அன்று சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் அதைக் கேட்கவில்லையே ஹஜ்ரத்" என்றார். அந்தச் சொல் இன்றும் என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. தொழுகையைக் கேட்டது தவறன்று. சாப்பிட்டாயா என்று முதலில் கேட்காததே தவறு.

தாய்மார்களே! "என் மகன் லண்டனில் இருக்கிறான்" என்று நாம் பெருமை பேசப் பேச, "எனக்கு முடியவில்லை அம்மா" என்று சொல்லும் வழி அவனுக்கு அடைபடுகிறது. அழைக்கும்பொழுது எப்பொழுது பணம் அனுப்புவாய் என்று தொடங்காதீர்கள். படிப்பு ஒத்துவராமல் அவன் திரும்பி வந்தாலும் இந்த மஹல்லாவில் அவனை ஏளனம் செய்வார் இருக்கக்கூடாது.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் இரண்டு வேண்டுகோள். வெளிநாட்டில் ஏற்கெனவே குடியேறிய நம்மூரார் எவர், எந்த நகரில் இருக்கிறார் என்று அவர்கள் சம்மதத்துடன் ஒரு பட்டியல் வைத்து, புறப்படும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு ஸஅதை அடையாளம் காட்டுங்கள். இடையில் தவிக்கும் மாணவருக்கு வட்டியில்லாக் கடனாக உதவ, பைத்துல்மாலில் ஒரு சிறு பகுதியை ஒதுக்குங்கள்.

தம்பிகளே, நீங்கள் வழி கேட்கத் தயங்காதீர்கள். நாளை உங்களிடம் ஒருவர் வழி கேட்டு வந்தால் முகம் சுளிக்காதீர்கள். அல்லாஹ் உங்கள் பயணத்தை எளிதாக்கி, பயனுள்ள கல்வியைத் தந்து, பெற்றோரின் கண்குளிர நலமுடன் சேர்த்து வைப்பானாக. ஆமீன்.