28 நாள் காத்திருப்பு



சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டதை லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் இயேசு குறிப்பிடுகிறார். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்கிறார். கோபுரத்தைக் கட்டியவர்களைப் பற்றி அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது, நாம் கேட்டது அதைத்தான்: யார் கட்டினார்கள், யார் சரிபார்த்தார்கள்? இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே கூலிக்கு வந்த தொழிலாளர்கள்.

சரிபார்க்கிறவர்களில் ஒருவரை இன்று நினைப்போம். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, சைட்டில் இன்ஜினியருக்கும் மேஸ்திரிக்கும் நடுவில் வெயிலில் நிற்கிற பிள்ளை. தளம் போடும் நாளில் கலவையை 300 மில்லிமீட்டர் உயரக் கூம்பு அச்சில் குத்தி நிரப்பி, அச்சைத் தூக்கி, எவ்வளவு சரிகிறது என்று அளப்பார். பிறகு பக்கத்துக்கு 150 மில்லிமீட்டர் உள்ள இரும்பு அச்சுகளில் கியூப் எடுப்பார். மறுநாள் பிரித்து, தேதி எழுதி, தண்ணீரில் போடுவார். 28ஆம் நாள் எந்திரத்தில் வைத்து உடைப்பார்கள். எம்20 காங்கிரீட் என்றால் ஒரு கியூப் ஏறக்குறைய 45 டன் சுமை தாங்க வேண்டும்.

இதற்குப் பெயர் சோதனை. நம் செபத்தில் வரும் சோதனையும் இங்கேதான் வருகிறது. கலவை கெட்டியாக இருந்தால் கொத்தனாருக்குக் கை வலிக்கும். "ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க தம்பி" என்பார். ஊற்றினால் வேலை வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் மிகுதித் தண்ணீர் வற்றியபின் அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும். பலம் குறையும், ஈரம் கம்பிவரை இறங்கும். பூச்சு எல்லாவற்றையும் மூடிவிடும். இன்னொரு தந்திரம், கியூபுக்கு மட்டும் சிமெண்ட் கூட்டித் தனியாகக் கலப்பது. ரிப்போர்ட் அழகாக வரும். தளத்தில் கிடப்பது வேறு. 28ஆம் நாள் கியூப் தோற்றால், அதற்குள் மேல்தளத்துக்குச் சென்ட்ரிங் ஏறியிருக்கும். அப்போது "கையெழுத்துப் போடு" என்கிறவர் சம்பளம் கொடுப்பவர். போட மறுக்க வேண்டியவருக்கு 22 வயது, வீட்டில் அக்காவின் கல்யாணக் கடன்.

ஆமோஸ் 7ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கையில் தூக்குநூற்குண்டோடு சுவரருகே நிற்கிறார். அரியணையில் பார்த்தே பழகிய நமக்கு இந்தக் காட்சி புதிது. புனித யோசேப்பைத் தச்சர் என்கிறோம். நற்செய்தியின் கிரேக்கச் சொல் கட்டட வேலை செய்பவருக்கும் பொருந்தும். ஆலயத் திறப்புக் கல்வெட்டில் ஆயர் பெயர் உண்டு, நன்கொடையாளர் பெயர் உண்டு. கியூப் எடுத்தவர் பெயரை நாம் எங்கும் பார்த்ததில்லை. போகட்டும்.

கையெழுத்துப் போட மறுத்து வேலை இழந்து ஒரு பிள்ளை வீடு திரும்பினால், "உனக்கெதுக்கு ஊர் வம்பு" என்று நாம் கேட்க வேண்டாம். அன்றிரவு அவருக்குச் சோறு போட்டு, அடுத்த வேலைக்கு நாலு பேரிடம் சொல்லி வைப்போம். பங்கு மண்டபத்துக்குத் தளம் போடும்போது, பந்திக்கு ஆள் எண்ணுமுன் கியூப் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, செலவுக் கணக்கோடு சேர்த்துப் பங்குப் பேரவையின் முன் வைப்போம்.