அழுத்தம் அடங்கிய பின்னரே கைவைத்தல் வேண்டும்

மண் அள்ளவும் எருவேற்றவும் இன்று நாம் பயன்படுத்தும் உழவு இயந்திரங்கள் பலவற்றின் முன்புறத்தே இரு இரும்புக் கரங்களும் ஒரு வாளியும் பொருத்தப்பட்டிருக்கின்றன. பலர் கூடியும் தூக்கவியலாப் பாரத்தை அவ்வாளி எளிதில் உயர்த்துகின்றது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கப்படும் அழுத்தம் குறையாது எங்கும் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டிலே பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் விளக்கிய விதியே இதற்கு அடிப்படையாகும். அவ்விதியைக் கொண்டு 1795இல் இங்கிலாந்தில் யோசப் பிராமா நீரழுத்தப் பொறிக்கு உரிமம் பெற்றார். நமது இயந்திரத்தில் நீருக்குப் பதிலாக எண்ணெய் அவ்வேலையைச் செய்கின்றது.

மோட்டார்க் காரின் சக்கரத்தினுள்ளே சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 30 இறாத்தல் அழுத்தமே உண்டு. வாளியை உயர்த்தும் எண்ணெயிலோ 2000 இறாத்தலுக்கு மேலும் அழுத்தம் ஏறலாம். அதனைத் தாங்குவதற்காகவே அந்த றப்பர்க் குழாயின் நடுவே உருக்குக் கம்பி வலை பின்னப்பட்டுள்ளது. மேற்றோல் வெடித்துக் கம்பி தெரிந்தாலும், குழாய் ஓரிடத்திற் புடைத்தாலும், அதன் காலம் முடிந்ததென்றே கொள்ளல் வேண்டும். பழைய ரியூப்பைக் கிழித்துச் சுற்றிக் கம்பியால் இறுக்குவது சிக்கனமன்று. ஆபத்தை மறைத்து வைப்பதேயாகும்.

ஊசித் துவாரத்தினூடே பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்ல வல்லது. முள் தைத்தாற்போன்ற சிறு புள்ளியே வெளியே தெரியும். தொடக்கத்தில் நோவும் அதிகம் இராது. ஆயினும் உடனே சத்திரசிகிச்சை செய்யாவிடின் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். ஆதலின் கசிவைக் கையால் தடவித் தேடலாகாது. மட்டைத் துண்டொன்றைப் பிடித்தே பார்த்தல் வேண்டும். காயம் பட்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் சென்று, அழுத்தத்துடன் எண்ணெய் புகுந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

குழாயை மாற்றுமுன் வாளியை நிலத்தில் முற்றாக இறக்கி, இயந்திரத்தை நிறுத்தி, நெம்புகோலை எல்லாத் திசைகளிலும் பலமுறை அசைத்து, உள்ளே தேங்கிய அழுத்தத்தைப் போக்குங்கள். எண்ணெய் ஆறட்டும். இணைப்புகளைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்து, ஒழுகும் எண்ணெயை ஒரு பாத்திரத்தில் ஏந்துங்கள். புதிய குழாய் உள்விட்டம், நீளம், தாங்கும் அழுத்தம், முனைப்பூட்டு ஆகிய நான்கிலும் பழையதற்கு ஒப்பாதல் அவசியம். ஒரு சாவியால் முனையை அசையாது பிடித்து, மற்றதனாற் சுரையை இறுக்கினால் குழாய் முறுக்கேறாது. மேலே அச்சிட்ட கோடு நேராக இருப்பதே அதற்குச் சான்று.

பின்னர் எண்ணெய் மட்டத்தைச் சரிபார்த்து, இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, கரங்களைச் சிலமுறை உயர்த்தி இறக்கினால் உட்புகுந்த காற்று வெளியேறும். அவ்வேளை வாளியின் கீழோ அருகிலோ எவரும் நிற்றலாகாது.

பள்ளிக்கூடம் விட்ட பல இளைஞர் இன்று இவ்வியந்திரங்களிற் பிழைக்கின்றனர். குழாயைக் கடையில் வாங்கலாம். அவர்தம் கையை எங்கும் வாங்க முடியாது. இயந்திரச் சொந்தக்காரர் இதனை மனத்திருத்துவாராக.