வழிக்கு ஓர் எண்

பாரூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்

சாலை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் நினைவாக, அவருடைய பிள்ளைகள் இந்த அறக்கட்டளையை நிறுவியிருக்கிறார்கள். “அப்பாவைப் புகழ்ந்து ஒன்றும் பேச வேண்டாம், ரோட்டைப் பற்றிப் பேசுங்கள், அது போதும்” என்று சொல்லிவிட்டார்கள். வாழ்நாளெல்லாம் கல்லும் தாருமாக இருந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான அஞ்சலி எனக்கும் தோன்றவில்லை. அதனால் சாலைகளைப் பற்றி, அதிலும் சாலைகளின் எண்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1. ஒரே சாலை, இரண்டு பெயர்

ஓசூரில் நின்று கேட்டால் அது பெங்களூர் ரோடு. எல்லையில் ஜூஜூவாடியைத் தாண்டி, அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்குள் போய்க் கேட்டால் அதே சாலை ஓசூர் ரோடு. கிருஷ்ணகிரியில் திருவண்ணாமலை ரோடு என்கிறோம். திருவண்ணாமலைக்காரர்கள் அதைக் கிருஷ்ணகிரி ரோடு என்கிறார்கள்.

நம் வழக்கில் சாலைக்குப் பெயர் அது போய்ச் சேரும் ஊரால் வருகிறது. நடந்தும் மாட்டு வண்டியிலும் போன காலத்துக்கு இந்தப் பெயர் முறை போதுமானதாக இருந்தது. ஆனால் நிற்கிற இடம் மாறினால் பெயரும் மாறிவிடும். எங்கே நின்று சொன்னாலும் மாறாத அடையாளம் ஒன்று வேண்டுமானால் எண்தான் வழி. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து லாரி ஓட்டி வருகிறவருக்கு அந்த எண் பற்றுக்கோடு.

2. தடவிப் பார்த்துப் படித்த கல்

வழியில் எண் எழுதுவதை வெள்ளைக்காரன்தான் கொண்டுவந்தான் என்று பலர் நினைக்கிறார்கள். தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டு மைல்கற்கள் வேறு கதை சொல்கின்றன. ஒரு கல்லில் வழியின் பெயர் அதியமான் பெருவழி என்று வெட்டப்பட்டிருக்கிறது. அது போய்ச் சேரும் இடம் நாவல்தாவளம், தொலைவு 29 காதம்.

எழுத்தோடும் தமிழ் எண்ணோடும் அந்தக் கல் நின்றுவிடவில்லை. கீழே குழிகளும் போட்டிருக்கிறார்கள். பெரிய குழி ஒன்று பத்துக் காதம், சிறிய குழி ஒன்று ஒரு காதம். இரண்டு பெரிய குழி, ஒன்பது சிறிய குழி: கூட்டினால் 29. எழுத்தறியாத பொதிமாட்டுக்காரரும் எண்ணிக்கொள்ளலாம். இருட்டிய பிறகு வந்து சேர்ந்தாலும் விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம்.

வழியின் பெயர், சேரும் இடம், மிச்சத் தொலைவு என்று மூன்றும் அந்த ஒரே கல்லில் இருக்கின்றன. இன்று நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அந்தக் கல்தான் அளவுகோல்.

3. நான்கு பழைய எண்கள்

இன்றைய சாலைப் பாகுபாட்டுக்கு அடித்தளம் 1943-இல் நாக்பூரில் கூடிய தலைமைப் பொறியாளர்கள் மாநாடு. தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை, கிராமச் சாலை என்று ஐந்து படிகளை அங்கே வகுத்தார்கள். 1956-இல் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் வந்தது.

2010 வரை நம் கிருஷ்ணகிரியில் நான்கு தேசிய நெடுஞ்சாலைகள் கூடின. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை 2,369 கி.மீ. ஓடிய 7, அன்று நாட்டிலேயே மிக நீளமானது. இராணிப்பேட்டைக்குப் போனது 46. திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குப் போனது 66. குப்பம் வழியாக மதனப்பள்ளிக்குப் போனது 219.

இந்த எண்களுக்குள் ஏதாவது ஒழுங்கு தெரிகிறதா? 46-க்குப் பக்கத்தில் 66, அதற்குப் பக்கத்தில் 219. புதிதாக ஒரு சாலையைத் தேசியப் பட்டியலில் சேர்த்தபோதெல்லாம் வரிசையில் அடுத்த எண்ணைக் கொடுத்தார்கள், அல்லது பழைய எண்ணுக்கு வால் ஒட்டினார்கள். பாளையங்கோட்டை–தூத்துக்குடி 7ஏ ஆனது அப்படித்தான். வீட்டுக்கு வீடு கதவெண் இருந்தும் தெருவில் வரிசை இல்லாத கதை.

4. எண்ணே வரைபடம்

2010-இல் மத்திய அரசு நாடு முழுவதும் எண்களை மாற்றியது. விதி எளிமையானது. வடக்கு–தெற்காக ஓடும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண், கிழக்கிலிருந்து மேற்காகப் போகப் போகக் கூடும். கிழக்கு–மேற்காக ஓடும் சாலைகளுக்கு ஒற்றைப்படை எண், வடக்கிலிருந்து தெற்காகப் போகப் போகக் கூடும். மூன்று இலக்க எண் என்றால் கிளைச்சாலை. அதன் கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலையைச் சொல்லும்.

விதியைக் காகிதத்தில் படித்தால் தூக்கம் வரும். சாலையில் படித்துப் பாருங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து, பழைய 7-இன் புது எண்ணான 44-இல் தெற்கே கிளம்புகிறோம். கிளம்புகிற இடத்திலேயே திண்டிவனம் போகும் 77 பிரிகிறது. சேலத்தில் உளுந்தூர்ப்பேட்டைக்குப் போகும் 79. கரூரில் கோவை–சிதம்பரம் 81. திண்டுக்கல்லில் கோவையையும் நாகப்பட்டினத்தையும் இணைக்கும் 83. மதுரையில் கொச்சி–தொண்டி 85. ஒற்றைப்படை வாய்ப்பாடு சொல்வதுபோல ஊர்கள் வருகின்றன.

இனி கிழக்கே திரும்புவோம். கிருஷ்ணகிரியில் 44-ஐ விட்டு 77-இல் போனால் திருவண்ணாமலையில் வேலூர்–தூத்துக்குடி 38 குறுக்கிடுகிறது. திண்டிவனத்தில் சென்னையிலிருந்து கடலோரமாக இறங்கும் 32. எண் குறையக் குறையக் கடல் கிட்டே வருகிறது.

உளுந்தூர்ப்பேட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டால், 79-உம் 38-உம் சேரும் இடத்தில் என்று சொல்லிவிடலாம். சதுரங்கப் பலகையில் கட்டத்தைச் சொல்வதுபோல இரண்டு எண்ணில் ஓர் ஊர் அடங்கிவிடுகிறது. இத்தனை நல்ல ஏற்பாட்டை எந்தப் பள்ளிக்கூடத்திலாவது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோமா?

5. ஏழு எங்கே போனது?

பழைய எண்கள் செத்துப் போகவில்லை, இடம் மாறிப் போயின. நம் 7, பஞ்சாபின் ஃபாசில்காவிலிருந்து பத்ரிநாத் வழியாக மானா கிராமத்துக்கு ஏறும் இமயமலைச் சாலையின் எண் ஆனது. 66, பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரை மேற்குக் கரையோரம் இறங்குகிறது. 46 குவாலியர் பக்கம் குடியேறிவிட்டது. நமக்கு வந்த 44, ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை 3,700 கி.மீ.க்கு மேல் நீளும் பெருஞ்சாலை. மதனப்பள்ளிச் சாலை 42 ஆனது. இராணிப்பேட்டைச் சாலையோ தில்லியிலிருந்து மும்பை, பெங்களூர் வழியாகச் சென்னை போகும் 48-இன் ஒரு பகுதி ஆனது. பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை 44-உம் 48-உம் ஒரே தாரில்தான் ஓடுகின்றன.

இந்த 48-க்குள் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. பழைய மும்பை–சென்னைச் சாலையான 4, பெங்களூரை விட்டதும் கோலார், சித்தூர் வழியாகச் சென்னைக்குப் போனது. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் அதில் பங்கில்லை. 5,846 கி.மீ. நீளத் தங்க நாற்கரச் சாலையைத் திட்டமிட்டபோது, சென்னை–பெங்களூர்ப் பகுதியை வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகக் கொண்டுவந்தார்கள். சிப்காட் தொழிற்பேட்டை முன்பே வந்து, மோட்டார் சைக்கிளும் லாரியும் கைக்கடிகாரமும் செய்துகொண்டிருந்த ஓசூருக்கு நான்குவழிச் சாலையும் சேர்ந்தது. பிறகு போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்ததையும் நீங்கள் பார்த்தீர்கள். சாலை வந்ததாலேயே எல்லாம் வந்தது என்று சொல்ல மாட்டேன். வந்த பொருள் வெளியே போக வழி இருந்தது என்பதை மட்டும் சொல்வேன்.

இப்போது ஹொசகோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை போடும் புதிய விரைவுச்சாலை மறுபடியும் கோலார், சித்தூர்ப் பக்கமே போகிறது. அந்தத் தேசிய விரைவுச்சாலையின் எண் என்ன தெரியுமா? ஏழு! நம்மிடமிருந்து போன எண் வேறு உருவில் திரும்பி வந்து, நம்மைத் தொடாமல் வடக்கே ஒதுங்கிப் போகிறது.

6. எண் மாறினால் பொறுப்பு மாறும்

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக அதியமான்கோட்டை போகும் சாலை மாநில நெடுஞ்சாலையாக இருந்தது. இன்று அது 844. ஓசூரில் 44-ஐ விட்டுப் பிரிந்து, அதியமான்கோட்டையில் அதே 44-ஐ மறுபடி தொடும் கிளை. எண் மாறியதும் பலகை மட்டும் மாறவில்லை. மாநிலச் சாலைக்கு 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் பொருந்தும், தேசியச் சாலைக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம். குழி விழுந்தால் யாரிடம் போய்க் கேட்பது, ஓரத்து நிலத்தை எந்த அலுவலகம் அளக்கும், பெட்டிக்கடை போட யாரிடம் அனுமதி, சுங்கச்சாவடி வருமா என்று எல்லாமே அந்த மூன்று இலக்கத்தில் அடங்கியிருக்கிறது.

மனுவில் “எங்கள் ஊர் ரோடு” என்று மட்டும் எழுதினால், அது எந்தத் துறையின் ரோடு என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்த மழை வந்துவிடும். எண் எழுதிய மனு நேரே உரிய மேசைக்குப் போகும்.

உயிர் போகிற அவசரத்திலும் இதே கதைதான். 108 ஆம்புலன்சுக்கோ, தேசிய நெடுஞ்சாலைகளுக்கான 1033 உதவி எண்ணுக்கோ அழைத்தால் முதல் கேள்வி, “எங்கே இருக்கிறீர்கள்?” தொப்பூர் கணவாயில் இரவு இரண்டு மணிக்கு நிற்கிற வெளியூர்க்காரர் என்ன பதில் சொல்வார்? சாலை எண்ணும் பக்கத்துக் கிலோமீட்டர்க் கல்லும் தெரிந்தால் இரண்டு சொல்லில் முடிந்தது.

7. நம் ஊர்க் கல்

என்னிடம் பெரிய யோசனை ஒன்றும் இல்லை. பாரூர் ஏரிக்கரையிலிருந்து காவேரிப்பட்டினத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் தென்னங்கன்றும் மாங்காயும் ஏற்றிப் போகும் சாலைகள் இருக்கின்றன. அரசுப் பதிவேட்டில் அவற்றுக்கும் ஒரு வகை உண்டு, ஒரு பொறுப்பாளர் உண்டு. அந்த வகையையும் எண்ணையும் பொறுப்பு அலுவலகத்தையும் ஒவ்வொரு கூட்டுரோட்டிலும் தமிழில் எழுதி வைக்கச் சொல்லி ஊராட்சியில் ஒரு தீர்மானம் போடுங்கள். எழுத்து பெரியதாக இருக்கட்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் தெரியட்டும்.

இந்த அறக்கட்டளைக்கு உரிய பெரியவர், மழை விட்டதும் கிலோமீட்டர்க் கல்லில் படிந்த சேற்றைத் தம் துண்டால் துடைப்பாராம். அவருடைய மகள் சொன்னார். கேட்டபோது சிரிப்பு வந்தது. பிறகு அந்த 29 காதக் கல் நினைவுக்கு வந்தது. படிக்கத் தெரியாதவன் ஒருவன் இருட்டில் வருவான் என்று எண்ணிப் பார்த்துத்தான் ஒருவர் அதில் குழி வெட்டினார். கல்லைத் துடைத்தவர் மனத்திலும் அப்படி ஒருவன் வந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

844 போய் முடிகிற அதியமான்கோட்டைப் பக்கம்தான் அதியமான் பெருவழியும் போனது. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது பலகையில் இருக்கும் எண்ணை ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.