ஒரு வீட்டுக்கு எத்தனை ஹெட்போன்?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் கற்றறிந்த பெரியோர் பேச, நாம் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இக்கரக்பூரில் ரயில்வே அலுவலகக் கோப்புகளோடு காலங்கழிக்கும் எங்களைப் போன்றோர்க்கு அத்தகைய பொருள்கள் எட்டா. ஆகவே, செயலாளர் எங்களைப் பேசப் பணித்தபோது, காலனியின் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்ற, ஆயினும் எவரும் மேடையேற்றாத ஒரு சிறு பொருளைத் தேர்ந்துகொண்டோம். அதுதான் ஹெட்போன். இதனைச் செவிப்பொறி என்பதா, கேட்பொறி என்பதா என்று புலவர்கள் முடிவு செய்யட்டும். நம் வீடுகளில் ஹெட்போன் என்றே வழங்குவதால் நாமும் அவ்வாறே சொல்வோம். ஒன்று போதுமா, பல வேண்டுமா என்பதே கேள்வி.

இக்கருவி கேளிக்கைக்காகப் பிறந்ததன்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையிலேயே இதனைச் செய்து, 1910ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார் என்று படிக்கிறோம். கம்பியில்லாத் தந்தியைக் கேட்போர்க்கு அது பயன்பட்டது. நம் ரயில்வேயிலும் கன்ட்ரோல் அறையில் செக்ஷன் கன்ட்ரோலர் ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு, நிலையம் நிலையமாக வண்டிகளின் இருப்பைக் கேட்டறிந்த காலத்தை மூத்தோர் அறிவர். பாட்டுக் கேட்பதற்கென்று இரு செவிக்கும் தனித்தனி ஒலி தரும் ஹெட்போனை ஜான் காஸ் என்பவர் 1958இல் கொண்டுவந்தார். 1979இல் சோனி நிறுவனத்தின் வாக்மேன் வந்தது. அதன் பின்னர் அது வீதிக்கே வந்துவிட்டது.

அந்த முதல் வாக்மேனில் ஒரு விந்தை உண்டு. அதில் ஹெட்போன் செருகும் துளைகள் இரண்டு! ஒருவர் மட்டும் தனித்துக் கேட்டால் அருகிலிருப்பவர் மனம் கோணுமே என்று கருதி, இருவர் சேர்ந்து கேட்கவும், இடையிடையே ஒரு பொத்தானை அழுத்தி ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவும் வழி செய்திருந்தார்கள். பின்னர் வந்த பலவற்றில் துளை ஒன்றாகிவிட்டது. இச்செய்தியை அறிந்தபோது நாங்கள் சிறிது நேரம் வேறொன்றும் படியாது அதையே எண்ணிக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம். எங்கள் தந்தையார் கும்பகோணத்துப் பக்கமிருந்து இவ்வூர்ப் பணிமனைக்கு வேலைக்கு வந்தவர். அவரிடம் தோலுறையிட்ட டிரான்சிஸ்டர் ஒன்று இருந்தது. அதனோடு ஒரே செவிக்கு மட்டும் பொருத்தும் சிறு குமிழ் ஒன்றும் வந்திருந்தது. இரவுப் பணி முடித்து வந்து, பிறர் உறங்கும் வேளையில்தான் அதனைச் செவியில் வைத்துக்கொள்வார். மற்ற நேரமெல்லாம் பெட்டி வாய்விட்டே பேசும். டில்லியிலிருந்து சரோஜ் நாராயணஸ்வாமி அவர்களின் குரலில் தமிழ்ச் செய்தி வரும்போது, அடுப்படியில் அம்மாவும் திண்ணையில் நாங்களும் ஒருசேரக் கேட்டோம். கேட்க வேண்டுமென்று கேட்டோமில்லை. காதில் விழுந்தது, அவ்வளவே.

இன்றோ, சென்ற பொங்கலுக்கு வீட்டைத் துடைத்தபோது எண்ணிப் பார்த்தோம். கணக்கெழுதியே பழகிய கை, ஆகையால் தாளில் குறித்தும் வைத்தோம். மொத்தம் ஏழு ஹெட்போன்கள்! 2020இல் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடமெல்லாம் கைபேசியில் நடந்தபோது மகனுக்கும் மகளுக்குமாக இரண்டு வாங்கினோம். அது தேவை, அதில் குற்றமில்லை. பின்பு மகன் கல்லூரிக்குப் போனதும் கம்பியில்லாதது ஒன்று. அதில் ஒரு பக்கம் தொலைந்ததும் மற்றொன்று. ஊருக்குப் போகும்போது வண்டியில் கேட்க, காதை முழுதும் மூடுவது ஒன்று. வீட்டுக்காரிக்கு ஒன்று. எங்கள் அம்மாவுக்கும் ஒன்று! அவர் கைபேசியில் நாடகம் கேட்பது பிள்ளைகளின் படிப்புக்கு இடையூறாகிறதென்று நாங்களே வாங்கிக் கொடுத்தோம். அந்த ஏழில் உயிரோடிருந்தவை நான்கு.

பல வேண்டும் என்போர் கூறும் காரணங்களை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. மகன் எங்களோடு வழக்காடியபோது அவன் சொன்னவற்றில் பாதி உண்மை என்றே கண்டோம். கோரமண்டல் விரைவு வண்டியில் ஏறிச் சென்னை போய்ச் சேர ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. சக்கர ஓசைக்கு நடுவே சிறு குமிழை வைத்துக்கொண்டால், ஓசையை வெல்ல ஒலியை ஏற்றிக்கொண்டே போவோம். காதை முழுதும் மூடுவதை அணிந்தால் வெளியோசை குறைகிறது, குறைந்த ஒலியே போதுமானதாகிறது. உலக சுகாதார நிறுவனம் வாரத்திற்கு 80 டெசிபல் அளவில் 40 மணி நேரம் என்று வரம்பு கூறுகிறது. 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரமே. பத்து டெசிபல் ஏறினால் நாற்பது நான்காகிறது! ஆகவே வண்டிக்கென்று ஒன்று வைத்துக்கொள்வது செவிக்கு நல்லதே. அன்றியும், காதுக்குள் நுழைப்பதை ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொள்வது தூய்மையுமன்று. ஒருவர் காதுப்புண் மற்றவர்க்கு வரக்கூடும்.

ஆனால் மறுபாதியை அவன் சொல்லவில்லை. கம்பியில்லாதவற்றுள் இருப்பது லித்தியம் மின்கலம். அது பயன்படுத்தினாலும் தேயும்; பயன்படுத்தாமல் மேசை அறையில் கிடந்தாலும் மெல்லத் தேயும். சிறியவற்றைப் பிரித்து மின்கலம் மாற்றுவதென்பது பெரும்பாலும் நடவாத செயல், ஏனெனில் பசை வைத்து ஒட்டியே செய்கிறார்கள். நான்கு வைத்திருப்பவன் நான்கையும் ஒருங்கே கிழவராக்குகிறான். கம்பியுள்ளதோ செருகியின் கழுத்தில்தான் அறும்; கடைத்தெருவில் ஈயம் பற்றவைப்பவரிடம் கொடுத்தால் மீண்டும் பேசும். எங்கள் வீட்டில் இறந்துபோன மூன்றும் கம்பியில்லாதவையே என்பதைக் கணக்கிற்காகச் சொல்லி வைக்கிறோம்.

இவையெல்லாம் காசு பற்றிய பேச்சு. இதற்காக உங்கள் நேரத்தைக் கேட்டோமில்லை.

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, அம்மா அடுப்படியிலிருந்து எங்கள் மகளிடம், "கண்ணு, அந்த ஏனத்தைக் கவுத்து வை" என்றார். மகளுக்கு அப்போது வயது ஒன்பது. காதிலிருந்த குமிழைக் கழற்றிவிட்டு, என்னவென்று இந்தியில் கேட்டாள். அம்மா திரும்பவும் சொன்னார். குழந்தை எங்கள் முகத்தைப் பார்த்தாள். ஏனம் என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. கவிழ்ப்பது என்பதும் தெரியவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் தாமே எழுந்து வந்து பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் போய், தம் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை.

ஏனென்றால், அவள் அண்ணன் அந்த வயதில் பாட்டியின் பேச்சை அப்படியே பேசுவான். அங்கலாய்ப்பு, சடைப்பு, மிச்சம் மீதி, எல்லாம் அவன் வாயில் வரும். அவனை எவரும் உட்கார்த்தி வைத்துக் கற்பிக்கவில்லை. அவன் சிறுவனாயிருந்தபோது வீட்டில் ஒரே ஒரு ஹெட்போன்தான் இருந்தது. அதுவும் எந்நேரமும் பரண்மேல் கிடந்தது. பாட்டியின் நாடகமும், அவன் தாயின் தொலைபேசிப் பேச்சும், எங்கள் செய்தியும் கூடத்திலேயே கலந்து ஒலித்தன. இங்கே வாசலைத் தாண்டினால் இந்தியும் வங்காளமும் தெலுங்கும், பள்ளியில் ஆங்கிலம். தமிழ் அவன் காதில் விழுந்த இடம் அந்த ஒரு கூடமே. மகள் பிறந்து வளர்ந்ததும் அதே கூடத்தில்தான். ஆனால் அங்கே நால்வர் நான்கு தமிழைத் தனித்தனியே காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தோம், கூடமோ ஊமையாயிருந்தது. நாங்கள் சண்டையிட்டோமில்லை, பேசாமலிருக்க வேண்டுமென்று எண்ணியதுமில்லை. பிறர்க்கு இடையூறாக இருக்கக் கூடாதென்ற நல்லெண்ணத்தால் வந்த ஊமைத்தனம் அது.

மகனுக்கும் மகளுக்கும் உள்ள இவ்வேறுபாட்டுக்கு ஹெட்போன் ஒன்றே காரணம் என்று சாதிக்க நாங்கள் வரவில்லை. மகன் சிறுவயதில் இரண்டு முறை கோடை முழுதும் கும்பகோணத்தில் இருந்தான்; மகளுக்கு அது வாய்க்கவில்லை. கொரோனாக் காலம் வேறு குறுக்கிட்டது. ஆயினும் எங்கள் கைக்கு எட்டிய காரணம் இதுவாயிருந்தது.

ஆகவே, பொங்கலுக்குப் பின் கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்தோம். கம்பியுள்ள, காதை மூடும் அந்த ஒன்றை மட்டும் அதில் மாட்டினோம். தேர்வுக்குப் படிப்பவர்க்கும், இரவுப் பணி முடிந்து வருபவர்க்கும், வண்டியேறுபவர்க்கும் அது. உயிரோடிருந்த மற்ற மூன்றில் காதுக்குள் நுழைப்பது ஒன்றை மகன் கேட்டு வாங்கிக்கொண்டான். அவன் கல்லூரி வண்டியில் நெடுந்தொலைவு போகிறவன். மறுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் தண்டவாளத்தைக் கடக்கும்போது செவியில் எதுவும் இருக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினோம். அனுமதியின்றித் தண்டவாளத்தில் நடப்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, பின்னால் வரும் வண்டியின் ஊதலைக் கேளாதவனுக்குச் சட்டம் என்ன செய்யும்? எஞ்சிய இரண்டு பெட்டியில் இருக்கின்றன.

முதல் மாதம் வீடு சந்தைக் கடையாக இருந்ததென்பதை மறைக்கமாட்டோம். அம்மாவின் நாடகத்தில் மாமியார் அழ, மகன் கிரிக்கெட் பார்க்க, வீட்டுக்காரி இரண்டையும் நிறுத்தச் சொல்லிக் கத்த, நாங்களே ஒருமுறை அந்த ஆணியின் பக்கம் கையை நீட்டிவிட்டோம். பின்பு முறை வகுத்துக்கொண்டோம். இரவு ஏழு முதல் எட்டு வரை அம்மாவின் நாடகம் கூடத்தில் வாய்விட்டு ஒலிக்கும். கேட்க விரும்பாதவரும் அதைக் கேட்டே ஆகவேண்டும். எட்டு மணிக்கு மேல் படிப்பு.

சென்ற வாரம் நாடகத்தில் யாரோ ஒருத்தி அங்கலாய்த்தாளாம். மகள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "பாட்டி, அங்கலாய்ப்புன்னா என்ன?" என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். அம்மா நாடகத்தை நிறுத்திவிட்டு, எழுந்து நின்று, கன்னத்தில் கைவைத்து, எங்கள் குடும்பத்து அத்தை ஒருவர் அந்தக் காலத்தில் எப்படியெல்லாம் அங்கலாய்ப்பார் என்று நடித்துக் காட்டத் தொடங்கினார். அரை மணி நேரம் போயிற்று. அடுப்பில் சோறு குழைந்துவிட்டது. அன்று நாங்கள் எல்லோரும் குழைந்த சோற்றையே உண்டோம்.