வந்த நோய்க்கும் தடுப்பூசியா?



தடுப்பூசி என்பது நோய் வருமுன் காப்பதென்றே அறிவோம். வந்த நோயை எதிர்க்கவும் அது உதவுமா என ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிலையத்தார் ஆராய்ந்தனர். மார்பகப் புற்றுநோய் பிற உறுப்புக்களுக்கும் பரவிவிட்ட 48 பேர் 2006 முதல் 2012 வரை இதிற் சேர்ந்தனர். குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, எல்லோருக்கும் டோசிற்றாக்செல் என்னும் மருந்தையும், ஒரு பிரிவினருக்கு அதனுடன் பான்வாக் என்னும் தடுப்பூசியையும் கொடுத்தனர். அம்மைப்பால் வைரசிலும் கோழியம்மை வைரசிலும் புற்றணுக்களின் அடையாளங்களைப் பொதிந்து ஆக்கியது அவ்வூசி. உடலின் காவற்படைக்குப் பகைவனை இனங்காட்டுவதே அதன் வேலை.

முடிவு 2015இல் வெளிவந்தது. நோய் மேலும் முற்றாதிருந்த காலத்தின் நடு அளவு, மருந்து மட்டும் பெற்றோரில் 3.9 மாதம், இரண்டும் பெற்றோரில் 7.9 மாதம். ஏறக்குறைய இருமடங்கு! ஆயினும், இத்துணைச் சிறு தொகையினரில் இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரலாம். ஆதலால் ஆராய்ச்சியாளர் வெற்றிமுரசு கொட்டவில்லை. பெரியதொரு பரிசோதனை வேண்டும் என்றனர்.

அன்பர்களே, அற்புத மருந்தென்று எவரேனும் கூறினால், “எத்தனை பேரிற் பார்த்தீர்கள்? எதனோடு ஒப்பிட்டீர்கள்?” என்று கேளுங்கள். நோயின் நடுவிலும் தம்மைப் பரீட்சைக்கு ஒப்புவித்த அந்த 48 பேருக்கும் நாம் செய்யத்தக்க மரியாதை அதுவே.