வீரமும் விசுவாசமும்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வீரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டனர். நம் குடும்பங்களிலிருந்து பட்டாளத்திற்குச் சென்றோர் பலர். இச்சபையிலும் பென்ஷன் பெற்ற சிப்பாய்கள் வீற்றிருக்கின்றனர். அவர்கள் முன்னிலையில், யுத்தகளத்தைக் கண்ணாலும் காணாத நான் வீரம் பேசுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆகையால், நம் குலத்தில் உதித்து, இத்தஞ்சைச் சீமையிலே வாளேந்தி, பின்னர் வாளைக் கீழே வைத்தும் வீரராகவே வாழ்ந்த ஒருவருடைய சரித்திரத்தைச் சொல்லி அமைகிறேன். அவர் பெயர் ராஜநாயக்கன்.

அவர் 1700-ஆம் ஆண்டில், கத்தோலிக்க மார்க்கத்தைத் தழுவியிருந்த ஒரு பறையர் குடும்பத்தில் பிறந்தவர். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னரின் படையிலே சேவகம் செய்து, சேர்வைக்காரர் என்னும் பதவியை வகித்தார். வயலிலே பிறருக்கு உழைப்பதே நம்மவர்க்கு விதி என்று எண்ணப்பட்ட அக்காலத்தில், அரசாங்கப் படையில் ஒரு பதவி எத்துணை அருமையானதென்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இது நிற்க, தரங்கம்பாடிக்குச் செல்வோம். 1706-இல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழைக் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, நான்கு சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் 1714-இல் தமிழில் அச்சிட்டு வெளியிட்டார். எஞ்சிய புதிய ஏற்பாட்டுப் பகுதிகள் மறு ஆண்டில் வந்தன. முதலிற் கூறிய அவ்வைந்து ஆகமங்கள் அடங்கிய புத்தகமே நம் சேர்வைக்காரரின் கைக்கு எட்டியது.

ஒரு படைவீரன் அதில் என்ன காண்பான்? தன்னைப் போன்ற படைவீரர்களையே காண்பான். ஒருவனையும் மிரட்டிப் பறியாதே, உனக்குரிய சம்பளத்தோடு திருப்தியாயிரு என்று யோவான் ஸ்நானகனிடம் புத்தி கேட்ட போர்ச்சேவகர் அதில் உண்டு. தன் வேலைக்காரனுக்காக இயேசுவிடம் மன்றாடிய கப்பர்நகூம் நூற்றுக்கதிபதி உண்டு. செசரியா பட்டணத்துக் கொர்நேலியு உண்டு. அந்நியனாகிய அப்படைத் தலைவனின் வீட்டில் நுழையத் தயங்கிய பேதுரு, கடவுளிடத்தில் பட்சபாதம் இல்லை என்றறிந்து உள்ளே சென்றார் என்பது அச்சரித்திரம். வாசற்படிக்கு வெளியே நிற்கப் பழக்கப்பட்ட குலத்தவர் ஒருவர் இதனை வாசித்தபோது அவர் உள்ளம் எவ்வாறு பொங்கியிருக்கும் என்பதை நீங்களே உணர்ந்துகொள்ளலாம்.

1727-இல் அவர் தரங்கம்பாடிச் சபையிற் சேர்ந்தார். மறு ஆண்டிலே, படை உத்தியோகத்தை விட்டு உபதேசியார் ஆனார். ஐரோப்பியக் குருமார் மன்னரின் எல்லைக்குள் இஷ்டம்போல் நுழைய இயலாதிருந்த காலம் அது. அவர்கள் போகக் கூடாத ஊர்களுக்கு இவர் போனார். போர்க்களத்தில் இடத்திலும் வலத்திலும் தோழன் நிற்பான், முரசு முழங்கும், முதுகுக்குப் பின்னே அரசனின் ஆணை இருக்கும். இவருக்கோ இவற்றுள் ஒன்றுமில்லை.

பழைய சபையாரின் பகையும் மூண்டது. அப்பகையினால் நேர்ந்த தாக்குதலில் அவருடைய தந்தையார் உயிர் துறந்தார். அன்பர்களே! வாள் பிடித்துப் பழகிய கை அது. படையிலே பழைய தோழர்களும் இருந்திருப்பர். பழிக்குப் பழி என்பதே அக்காலத்து உலக வழக்கு. ஆயினும் அவர் தாம் ஏற்ற உபதேசியார் பணியிலேயே நிலைத்து நின்றார். அடிப்பதற்குப் பலம் போதும். அடிக்க வல்லவன் அடிக்காதிருப்பதற்கு விசுவாசம் வேண்டும்.

இதனினும் கடியதொரு சோதனை பின்னர் வந்தது. அது பகைவரால் வந்ததன்று. சொந்த வீட்டிலிருந்தே வந்தது. 1733-இல் வேளாளராகிய ஆரோன் என்பார் குருப்பட்டம் பெற்றார். நம் நாட்டவருள் அச்சபையில் முதன்முதல் அப்பட்டம் பெற்றவர் அவரே. 1741-இல் இரண்டாம் குருவைத் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது. ராஜநாயக்கனின் ஊக்கத்தையும் உழைப்பையும் மிஷனெரிமார் நன்கு அறிவர். ஆயினும், பறையர் கையினால் வழங்கப்படும் இராப்போஜனத்தை மேற்சாதிக் கிறிஸ்தவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று அஞ்சி, அவரை விடுத்து தியோகு என்பாருக்குப் பட்டம் அளித்தனர். பட்சபாதம் இல்லை என்று அச்சிட்ட சபையே பட்சபாதம் செய்தது!

அவர் என்ன செய்தார்? தம் பணியை விட்டாரில்லை. 1771-இல் மரணமடையும் வரையில், மேலும் முப்பது ஆண்டுகள், உபதேசியாராகவே உழைத்தார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர் பொறுத்தாராதலால் அவ்வநீதி நியாயமாகிவிடாது. "பாருங்கள், உங்கள் முன்னோர் எவ்வளவு அடக்கமாயிருந்தார்" என்று எவரேனும் நமக்குப் போதிப்பாராயின், அதை நாம் ஏற்கலாகாது. பொறுமை அவருடைய பெருமை. அநீதி அதனைச் செய்தோருடைய சிறுமை. மனிதர் கொடுக்கும் பட்டத்தை நம்பி அவர் புறப்பட்டிருந்தால், அது மறுக்கப்பட்ட அன்றே திரும்பியிருப்பார். அவர் நம்பியது வேறொருவரை, ஆகையால் நின்றார். அவருடைய தைரியத்தின் வேர் அதுவே.

பட்டாளத்திற்குப் போகும் வாலிபர்களே! துப்பாக்கி பிடிக்கும் தைரியத்தைப் பட்டாளம் கற்பித்துவிடும். ஒருவனையும் மிரட்டிப் பறியாதிருக்கும் தைரியத்தை நீங்கள் உங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். சேவகம் முடித்துத் திரும்பியுள்ள பெரியோர்களே! படையை விட்டதோடு வீரம் முடிந்துவிடுவதில்லை. ராஜநாயக்கனின் பெரும் போராட்டம் படையை விட்ட பின்னரே தொடங்கிற்று.

முடிவாக, நமக்கே ஒரு கேள்வி. தீண்டாமை 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்கள் இன்னும் உண்டு. அதனைக் கண்டிக்கும் நாம், நமக்குக் கீழே என்று எண்ணி எவரையேனும் தள்ளி வைத்திருக்கிறோமா? அப்படியாயின், அவருக்குச் செய்த அநியாயத்தை நாமும் செய்தவர்களாவோம். மார்க்கம் எதுவாயினும், இன்று வீடு திரும்பியதும் அவர் கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இக்கேள்வியையும் சேர்த்தே சொல்லுங்கள்.