வீடியோ போடுறதுக்கு முன்னாடி ஒரு விண்ணப்பம்

(இனயத்தில் மீனவ இளைஞர்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கட்டுமரத்தைப் பற்றி இனயத்துக்காரங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அலை மேலே ஏறிப் போனாலும் அது மூழ்காது. துறைமுகம் இல்லாத கரையிலும் ஏறும். ஆனா தண்ணியைக் குடிச்சுப் பாரமாகும், நாளடைவில் உளுத்துப்போகும். நல்ல மரத்தடி கிடைப்பதும் அரிதாகி, விலையும் ஏறியது. "கட்டுமரம்னா தடிதானே வேணும், வேற என்ன செய்ய?" என்பதே பலருடைய எண்ணம்.

நம்ம மாவட்டத்து முட்டத்தில், 1980-களையொட்டி அந்த எண்ணம் மாறியது. பெல்ஜியத்திலிருந்து வந்த பொறியாளர் பியர் ஜிலே, உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து அங்கே படகு கட்டினார். நமக்குத் தேவை தடியா, இல்ல மூழ்காம கரையேறுகிற கலமா? கேள்வியை இப்படித் திருப்பிப் போட்டதும் வழி பிறந்தது. பிளைவுட் பலகைகளை வெட்டி, கம்பியால் தைத்து, இணைப்புகளை ஃபைபர்கிளாஸும் பிசினும் கொண்டு அடைத்தார்கள். கடலில் விட்டுப் பார்த்து, மீனவர் சொன்ன குறைகளைத் திருத்தினார்கள். எளிதாக நடந்த வேலை இல்லை. 1985-ல் அவர் எழுதிய புத்தகத்தின் பெயரே 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்', அதாவது சிறியது கடினம். பிறகு குமரி, கேரளக் கரைகளில் பிளைவுட் வள்ளங்கள் பரவின.

கோவை அருணாசலம் முருகானந்தமும் இப்படித்தான். நாப்கின் செய்யக் கோடிக்கணக்கில் இயந்திரம் வேணும் என்பதை அவர் ஏற்கவில்லை. வேலையைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எளிய கருவி செய்தார். மகளிர் சுயஉதவிக் குழுக்களே நாப்கின் தயாரிக்க முடிந்தது. 2016-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

உங்களிலும் ஐஸ் பெட்டியையோ வலை இழுக்கும் கருவியையோ புதுசா மாத்தி அமைத்தவர் இருக்கலாம். செய்ததும் யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் போடத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்க. ஊருக்கே காட்டியபின் அது 'புதியது' இல்லை என்று ஆகி, காப்புரிமை, அதாவது பேட்டன்ட், கிடைக்காமல் போகலாம்.

செய்ய வேண்டியது இதுதான்:

• முதலில் தேடுங்கள். அதே கருவி வேறு எங்காவது வந்திருக்கிறதா என்று காப்புரிமை அலுவலக இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம்.

• தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். தனிநபர் ஆன்லைனில் தாக்கல் செய்ய அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரம் தர 12 மாதம் அவகாசம் உண்டு. பரிசோதனைக்குத் தனிக் கட்டணம்.

• உதவி கேளுங்கள். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையம் சென்னையில் இருக்கிறது.

வெறும் யோசனைக்குக் காப்புரிமை இல்லை. அது புதுசா, பயன்படுவதா, துறை தெரிந்தவருக்கும் சட்டெனத் தோன்றாததா இருக்கணும். கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு உரிமை, ஆண்டுக் கட்டணத்தைத் தவறாமல் கட்டிவந்தால்.

இன்றைக்கே உங்க கருவியை நாலு பக்கமும் படம் எடுங்க, எப்படி வேலை செய்யுதுன்னு எழுதி வையுங்க. யாருக்கும் அனுப்பாதீங்க. விண்ணப்ப எண் கைக்கு வரட்டும். அதுக்கப்புறம் தாராளமா வீடியோ போடுங்க.